கணிப்பொறியின் குறுக்கீட்டு முரணும் அதனைத் தீர்க்கும் நெறியும்

தமிழ் பயில்வார்க்குக் கணிப்பொறியின் உள்ளுறுப்புகளோடு யாது தொடர்பு என்று இக்கட்டுரையின் தலைப்பைக் கண்ட அன்பர் சிலர் வினவுதல் கூடும். அவ்வினா முன்னர் எமக்கும் இருந்ததே. எனினும், எம் துறை அறையின் மூலையில் இருந்த பழைய கணிப்பொறியொன்று சென்ற ஆண்டில் எமக்கு ஆசானாயிற்று. அதனிடத்து யாம் கற்ற பாடத்தையும், கற்குமுன் எம் விரைவினால் நேர்ந்த இழப்பையும், மாணாக்கரும் ஆசிரியரும் பழைய மாணவரும் அறியுமாறு ஈண்டு எழுதப் புகுந்தாம்.

அப்பொறி 1996-ஆம் ஆண்டில் வாங்கப்பெற்றது. விண்டோஸ் 95 என்னும் இயங்குதளத்தைக் கொண்டது. இப்பொழுது ஓய்வு பெற்றிருக்கும் எம் பேராசிரியர் ஒருவர், ஊர்தொறும் சென்று திரட்டிய வட்டார வழக்குச் சொற்களைப் பல ஆண்டுகளாக அதன்கண் தட்டெழுதிச் சேர்த்து வைத்திருந்தார். உழவர் வழங்கும் சொற்கள், வலைஞர் வழங்கும் சொற்கள், கொத்தரும் தச்சரும் குயவரும் வழங்கும் சொற்கள் எனத் தொழில்தோறும் ஒரு கோப்பு இருந்தது. அவை அக்காலத்து எழுத்துருவொன்றில் அமைந்தவை. அவ்வெழுத்துருவும் அதற்குரிய செயலியும் அப்பொறியிலன்றி வேறெங்கும் எமக்குக் கிட்டவில்லை. பிளாப்பி இடும் வாயிலோ பழுதுற்றிருந்தது. வட்டும் முதுமையடைந்தது, அது சுழலும்பொழுது எழும் ஓசையே அதனை அறிவித்தது. ஆதலின், ஒவ்வொரு கோப்பையும் அங்கேயே திறந்து சரிபார்த்து, நெட்வொர்க் கார்டு ஒன்றின் வழியாகப் புதிய பொறிக்கு அனுப்பிவிடுதல் வேண்டும் என்று துணிந்தோம்.

பழைய கார்டு ஒன்றைத் தேடிக் கொணர்ந்து பொருத்தினோம். பொறியை இயக்கினோம். விண்டோஸ் எழுந்தது, ஆனால் மவுஸின் அம்புக்குறி திரையின் நடுவே அசைவற்று நின்றது. கார்டைக் கழற்றினால் மவுஸ் ஓடும், பொருத்தினால் நிற்கும். இரண்டும் தனித்தனியே பழுதற்றவை. இரண்டும் ஒருங்கிருத்தல் மட்டுமே இயலாதாயிற்று. இஃதென்னை? இதன் காரணத்தை உணர்தற்குக் குறுக்கீடு என்பது யாது என்பதனை முதற்கண் அறிதல் வேண்டும்.

கணிப்பொறியின் பிராசசர் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றிக்கொண்டே செல்லும் இயல்பினது. அதனைச் சூழ்ந்துள்ள விசைப்பலகை, மவுஸ், வட்டு, பிரிண்டர் முதலிய கருவிகளோ தத்தமக்கு வேண்டிய பொழுதில் அதன் கவனத்தை நாடுவன. எதற்கு எப்பொழுது கவனம் வேண்டும் என்பதை அறிய இரு வழிகள் உள. ஒன்று, பிராசசரே ஒவ்வொரு கருவியினிடத்தும் அடிக்கடி சென்று செய்தி உண்டோ என வினவி வருதல். இது, விருந்தினர் வருவர் என்று நொடிதோறும் எழுந்து கதவைத் திறந்து பார்ப்பவர் செயலை ஒக்கும். அவர் எழுதும் ஏடு ஒரு வரியேனும் நகராது. மற்றொன்று, கதவில் மணியைக் கட்டிவிட்டுத் தம் வேலையைப் பார்த்திருத்தல். மணி ஒலித்தால் எழுந்து செல்வது, ஒலியாதவரை எழுதிக்கொண்டிருப்பது. இம்மணியோசையே குறுக்கீடு எனப்படும். மணிக்கயிறு போன்று கருவியினின்று வரும் கம்பியைக் குறுக்கீட்டுக் கோரிக்கைக் கம்பி என்பர். வழக்கில் அஃது ஐ.ஆர்.க்யூ. என்றே வழங்குகின்றது.

மணி ஒலித்தவுடன் பிராசசர், கைக்கொண்ட கட்டளையை முடித்து, விட்ட இடம் இஃதென நினைவகத்தில் குறித்து வைக்கும். ஏடெழுதுவார் எழுந்து போகுமுன் வரியில் அடையாளம் வைத்துப் போதல் போல்வது இது. பின்னர், ஒலித்த மணியின் எண்ணை அறிந்து, அவ்வெண்ணுக்குரிய பணிநிரல் எவ்விடத்துள்ளது என்பதை ஓர் அட்டவணையிற் காணும். டாஸ் இயங்கும்பொழுது இவ்வட்டவணை நினைவகத்தின் தொடக்கத்திலேயே அமைந்திருக்கும். அதில் 256 பதிவுகள் உள. பதிவு ஒன்றுக்கு 4 பைட்டு வீதம், மொத்தம் 1024 பைட்டு. அப்பணிநிரல் கருவியின் வேண்டுகோளை நிறைவேற்றியதும், பிராசசர் முன்பு விட்ட இடத்திற்கே மீளும். யாம் ஓர் எழுத்தை அழுத்தும்பொழுது ஒரு குறுக்கீடும், விரலை எடுக்கும்பொழுது மற்றொரு குறுக்கீடும் நிகழ்கின்றன. டாஸ் இயங்கும் பொறியில் உள்ளிருக்கும் காலங்காட்டி, விநாடிக்கு ஏறத்தாழ 18.2 முறை மணியடிக்கின்றது. இவை யாவும் எம் கண்ணுக்குப் புலனாகாமலே நடைபெறுவன.

இதனைச் சிறிய செய்தியென்று எண்ணற்க. விநாடிக்கு 9600 பிட்டு வேகத்தில் இயங்கும் மோடத்தின் வழியாக விநாடிதோறும் சற்றேறக்குறைய 960 எழுத்துகள் வந்தடையும். பழைய பொறிகளில் இருந்த 8250 என்னும் சில்லு, வந்த எழுத்துகளுள் ஒன்றையே தாங்கி நிற்க வல்லது. அடுத்த எழுத்து வருமுன், அஃதாவது ஆயிரத்தில் ஒரு விநாடிக்குள், முன்னதை எடுத்துக்கொள்ளாவிடின் அது அழிந்தொழியும். மணியோசை பிராசசரின் செவியை எட்டாதாயின் செய்தி கெடும் என்பது இதனாற் பெறப்படும்.

நிற்க. மணிக்கயிறுகள் எத்துணை என்பதை இனி ஆராய்வாம். 1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பி.சி.யில், இன்டெல் 8259ஏ என்னும் சில்லு மணிகளைக் காக்கும் வாயிலோனாய் அமைந்தது. அதனிடத்து 0 முதல் 7 வரை எண்ணிட்ட 8 கம்பிகளே இருந்தன. அவை போதாமையால் 1984-ஆம் ஆண்டில் வந்த பி.சி. ஏ.டி.யில் இரண்டாம் சில்லு ஒன்று சேர்க்கப்பட்டது. அச்சில்லின் ஓசை முழுவதும் முதற்சில்லின் 2-ஆம் கம்பி வழியாகவே செல்லுமாறு அமைத்தனர். ஆகவே கம்பிகள் 16 எனினும், ஒன்று இணைப்புக்கே செலவாகக் கருவிகளுக்கு எஞ்சியவை 15. இவ்வமைப்பினால் விளைந்த புதுமை ஒன்றுண்டு. எண் சிறிதாக இருப்பின் முந்துரிமை மிகுதி என்பது பொதுவிதி. ஆயினும் 8 முதல் 15 வரையுள்ளவை 2-ஆம் வாயில் வழியே புகுதலின், 0, 1 என்பவற்றை அடுத்து அவையே முந்துரிமை பெற, 3 முதல் 7 வரையுள்ளவை இறுதியில் நிற்கின்றன.

அக்கம்பிகளுள் பெரும்பாலானவை முன்னரே உரியவர் கைப்பட்டவை. 0 காலங்காட்டிக்கு; 1 விசைப்பலகைக்கு; 2 இரண்டாம் சில்லின் இணைப்புக்கு; 3 காம் 2 என்னும் வாயிலுக்கு; 4 காம் 1 என்னும் வாயிலுக்கு; 6 பிளாப்பிக்கு; 7 பிரிண்டருக்கு; 8 மணிகாட்டும் கடிகாரத்துக்கு; 12 சிறிய உருண்டை முனையுடைய பி.எஸ்.2 வகை மவுஸுக்கு. 13 கணக்குத் துணைச் செயலிக்கு. 14-ம் 15-ம் வட்டுகளுக்கும் சி.டி. பெட்டிக்கும். 5 என்பது இரண்டாம் பிரிண்டருக்கென வகுக்கப்பட்டதாயினும், நடைமுறையிற் சவுண்டு கார்டுகளே அதனைக் கைக்கொண்டன. எஞ்சியவை 9, 10, 11 என்னும் மூன்றே. வீடு பெரிது, அறைகள் பல. வெற்றறை மட்டும் மூன்று என்பது போன்ற நிலை இது.

எம் பொறியின் மவுஸ் காம் 2 வாயிலிற் பூட்டப்பட்டிருந்தது. காம் 1-இல் மோடம் இருந்தது. யாம் பொருத்திய நெட்வொர்க் கார்டோ 3 என்னும் எண்ணில் அமைக்கப்பட்டிருந்தது. காம் 2-க்கு உரிய எண்ணும் 3 என்பதை மேலே கண்டோம். ஆகவே, இரு வாயில்களுக்கு ஒரு மணியே கட்டப்பட்டதாயிற்று. அம்புக்குறி நின்றதன் காரணம் இதுவே.

இருவர் ஒரு மணியைப் பொதுவாகக் கொள்ளுதல் ஆகாதோ எனின், ஐ.எஸ்.ஏ. என்னும் பழைய ஸ்லாட்டுகளில் அஃது இயலாது. காரணம் இரண்டு. முதலாவது, அவ்வகைப் பொறியில் மின்னழுத்தம் தாழ்நிலையினின்று உயர்நிலைக்கு ஏறும் அக்கணத்தையே வாயிலோனாகிய சில்லு மணியோசையாகக் கொள்ளும். ஒரு கருவி கம்பியை உயர்நிலையிற் பிடித்துக்கொண்டிருக்கும்பொழுது மற்றொன்று அழைத்தால், புதிய ஏற்றம் யாதும் நிகழாமையின் அவ்வழைப்புக் கேட்கப்படாது. அன்றியும், ஒரு கார்டு கம்பியைத் தாழ்த்தியே வைத்திருக்க மற்றொன்று உயர்த்த முயலின் இரண்டும் தம்முட் போராடும். இரண்டாவது, அட்டவணையில் ஓர் எண்ணுக்கு ஒரு பதிவே உண்டு. பின்வந்த பணிநிரல் முன்னதன் முகவரியை நீக்கித் தன் முகவரியை எழுதிவிடின், மவுஸ் மணியடிக்க நெட்வொர்க் கார்டின் ஏவலாள் எழுந்து வந்து, தன் வாயிலில் ஒருவரையும் காணாது திரும்பிச் செல்வான்; மவுஸை வினவுவார் ஒருவரும் இலர்.

இவ்வுண்மையை அன்றே அறிந்திருப்போமாயின் நன்றாக இருந்திருக்கும். அறியாத யாம், கார்டின் மீதிருந்த ஜம்பர் என்னும் சிறு தொப்பியைக் கழற்றி, அருகிருந்த 5 என்னும் எண்ணில் மாட்டினோம். மவுஸ் ஓடிற்று, வெற்றியென்று மகிழ்ந்தோம். வலைஞர் சொற்கோப்பைத் திறந்து, ஒரு பிழையைத் திருத்திச் சேமிக்கும்படி ஏவினோம். அவ்வேளையில் பொறி அறிவிப்பு ஒலியொன்றை எழுப்ப முற்பட்டது. 5 என்பது சவுண்டு கார்டுக்கு உரியது அன்றோ? ஒலி பாதியில் நின்றது, திரை உறைந்தது, எவ்விசைக்கும் விடையில்லை. வேறு வழியின்றி மின்சாரத்தைத் துண்டித்தோம். மீண்டும் இயக்கி வட்டைச் சோதித்தபொழுது, அக்கோப்பின் பிற்பகுதி சிதைந்து போயிருந்தது. வலைகளின் வகைகளையும் காற்றின் பெயர்களையும் குறித்த பக்கங்கள் அவை. ஒரு கருவியும் குற்றம் செய்திலது; எழுதிப் பாராமல் இடம் மாற்றிய எம் விரைவே குற்றம்.

அதன்பின் கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்து, தாளொன்றில் 0 முதல் 15 வரை எண்ணிட்டு, எவ்வெண் எவர்க்குரியது என்று எழுதினோம். அதுகாறும் செய்யத் தவறியது அஃதொன்றே. பின்னர் யாம் கைக்கொண்ட நெறியை வரிசையாகக் கூறுவாம்.

முதலாவது, கணக்கெடுத்தல். விண்டோஸ் 95-இல் கன்ட்ரோல் பேனலுள் சிஸ்டம் என்பதைத் திறந்து, டிவைஸ் மேனேஜர் பகுதியில் கம்ப்யூட்டர் என்பதன் பண்புகளை நோக்கின், எண்தோறும் உரிய கருவி வரிசையாகத் தோன்றும். முரண்பட்ட கருவியின் பெயரருகே மஞ்சள் வட்டத்தில் வியப்புக்குறி நிற்கும். டாஸ் மட்டும் உள்ள பொறியில் எம்.எஸ்.டி. என்னும் நிரல் ஒருவாறு இதனைக் காட்டும். எனினும், ஜம்பரால் அமைந்த பழைய கார்டுகள் தம் எண்ணைத் தாமே அறிவிக்கமாட்டா. அவற்றைக் கண்ணாற் கண்டே எழுதிக்கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது, எவை அசையும், எவை அசையா என்று பிரித்தல். காலங்காட்டி, விசைப்பலகை, வட்டு முதலியன தம் இடத்தை விடமாட்டா. ஜம்பருள்ள கார்டுகளே இடம்பெயரத்தக்கவை. அவற்றுள்ளும் குட்டையான 8-பிட்டு கார்டுகள் 10-ம் அதற்கு மேலும் உள்ள எண்களை எட்டமாட்டா. அக்கம்பிகள் ஸ்லாட்டின் நீட்டிய பகுதியிலேயே உள. எம் கார்டு நீண்ட 16-பிட்டு கார்டாதலின் 10 அதற்குக் கிட்டுவதாயிற்று. வெற்றெண் ஒன்றும் இல்லாவிடின், பயன்படாத வாயிலொன்றைப் பயாஸ் அமைப்பில் மூடி, அதன் எண்ணை விடுவித்துக்கொள்ளலாம். மோடம் இல்லாதவர் காம் வாயிலொன்றை மூடுதலும், பிரிண்டர் இல்லாதவர் அதன் வாயிலை மூடுதலும் இவ்வகையின.

மூன்றாவது, பயாஸுக்கு அறிவித்தல். எம் பொறியில் பி.சி.ஐ. என்னும் புதியவகை ஸ்லாட்டுகளும் இருந்தன. அவற்றிலுள்ள கார்டுகளுக்கு எண் வழங்குவது பயாஸ். 10 என்பது பழைய ஐ.எஸ்.ஏ. கார்டுக்கென ஒதுக்கப்பட்டது என்று அதற்குச் சொல்லாவிடின், அது வெற்றெண் என்று எண்ணிப் பிறிதொன்றுக்குக் கொடுத்துவிடும். ஆதலின் பயாஸ் அமைப்பினுட் சென்று 10-ஐ ஒதுக்கி வைத்தோம்.

நான்காவது, மின்னிணைப்பை முற்றும் நீக்கிய பின்னரே பெட்டியைத் திறந்து, உலோகச் சட்டத்தைத் தொட்டுக் கையின் மின்னேற்றத்தை நீக்கிக்கொண்டு, ஜம்பரை மாற்றுதல். ஐந்தாவது, கார்டு கொண்ட எண்ணையே விண்டோஸுக்கும் அறிவித்தல். அக்கார்டின் பண்புகளில், தானாக அமைத்தல் என்பதை நீக்கிவிட்டு 10 என்று எழுதினோம். கார்டு ஒரு மணியை அடிக்க, மென்பொருள் வேறொரு மணிக்குச் செவிசாய்த்திருப்பின் முரண் இன்றியே பொறி ஊமையாகும். ஆறாவது, ஒரு வேளையில் ஒன்றையே மாற்றிச் சோதித்தல். மூன்றை ஒருங்கே மாற்றுவார்க்கு, நலம் விளைந்தாலும் தீங்கு விளைந்தாலும், எதனால் விளைந்தது என்பது விளங்காது.

இவை முடிந்தபின் பொறியை இயக்கினோம். அம்புக்குறி அசைந்தது, அறிவிப்பு ஒலி முழுமையாக எழுந்தது, கார்டின் சிறு விளக்கும் மின்னிற்று. அன்றே கோப்புகள் ஒவ்வொன்றையும் திறந்து சரிபார்த்துப் புதிய பொறிக்கு அனுப்பி, இரண்டு படிகளும் எடுத்து வைத்தோம்.

இனி, இம்முரண் இக்காலத்துப் பொறிகளில் ஏன் காணப்படவில்லை என்பதையும் சுருங்கக் கூறுதும். 1992-ஆம் ஆண்டில் தோன்றிய பி.சி.ஐ. முறையில் மணியின் இயல்பே மாற்றப்பட்டது. அங்கே அழைப்பவர் கயிற்றை ஒருமுறை இழுத்து விடுவதில்லை. தம் குறை தீருமளவும் பிடித்தே நிற்பர். ஆதலின் இருவர் ஒரு கயிற்றைப் பிடித்தாலும், ஏவலாளர் ஒருவர்பின் ஒருவராக வந்து, அழைத்தவர் தம்மவரோ என நோக்குவர். ஒருவர் குறை தீர்ந்தபின்னும் கயிறு தளராதாயின் மற்றவரும் உளர் என்பது புலனாகும். 1993-ஆம் ஆண்டில் ஐ.எஸ்.ஏ. கார்டுகளுக்கும், ஜம்பரின்றித் தாமே எண் பெறும் பிளக் அண்டு பிளே முறை வகுக்கப்பட்டது. 1998-ஆம் ஆண்டின் பி.சி.ஐ. 2.2 விதிகளில் கயிறின்றி அழைக்கும் வழியும் வகுக்கப்பட்டது. கருவி தன் அழைப்பை நினைவகத்தின் குறித்ததோர் முகவரிக்கு எழுதும் செய்தியாக விடுக்கும் முறை இடம்பெற்றது. மணிக்கு மாற்றாகப் பெயர் பொறித்த ஓலையை அனுப்புதல் போன்றது இது. ஓலைகள் எத்துணை வரினும் ஒன்று மற்றொன்றை மறைக்காது. இன்றைய பொறிகள் இவ்வழியிலேயே பெரிதும் இயங்குகின்றன.

ஆயினும் பழைய பொறிகள் உலகினின்று ஒழிந்தில. ஆய்வுக்கூடங்களிலும் தொழிற்கூடங்களிலும், பழைய கருவியொன்றை இயக்கும் கார்டின் பொருட்டே அவற்றைக் காத்து வைத்திருப்பார் இன்றும் உளர். அவர்க்கு எம் பட்டறிவு பயன்படலாம். ஒரு கார்டு நின்றுவிடின் அது பழுதென்று உடனே எறிந்துவிடற்க. பிறிதொன்றன் இடத்தில் நிற்கின்றதோ என்று முதலிற் பார்க்க. இடமாற்றத்தால் தீரும் குறையைப் பழுதென்று எண்ணுதல் பொருளிழப்பு. எழுதிப் பாராமல் இடமாற்றுதல் அதனினும் பெரிய இழப்பு.

சிதைந்த கோப்பைப் பற்றி இறுதியாக ஒன்று கூறி முடிப்பாம். யாம் பேராசிரியரின் இல்லத்திற்குச் சென்று, நடந்ததை மறையாது உரைத்தோம். அவர் கடிந்திலர். சிறிது நேரம் வாளா இருந்து, பின் உள்ளே சென்று, நூலாற் கட்டிய கையெழுத்துச் சீட்டுகள் சிலவற்றைக் கொணர்ந்து தந்தார். இழந்த சொற்களில் ஏறத்தாழப் பாதி அவற்றில் உள. விடுமுறையில் அவற்றைத் தட்டெழுதி வருகின்றோம்; எஞ்சிய பாதிக்குக் கடற்கரையூர்களுக்கே மீண்டும் செல்லல் வேண்டும். அச்சொற்களை அறிந்த முதியோர் எத்துணையர் இன்னும் உளர் என்பதே எம் கவலை.

பழைய மாணவர்காள்! உங்கள் வீட்டுப் பரண்களிலும் இத்தகைய பொறிகள் உறங்குதல் கூடும். அவற்றினுள் உங்கள் தந்தையார் எழுதிய கடிதமோ, நீங்கள் திரட்டிய ஆராய்ச்சிக் குறிப்போ இருப்பின், வட்டு ஓயுமுன் அவற்றை வெளிக்கொணர முயல்க. பெட்டியைத் திறக்குமுன் தாளொன்றை எடுத்து 0 முதல் 15 வரை எண்ணிட்டு எழுதுக. அந்தக் கால் மணி நேரம், எம் கோப்பிற்கு நேர்ந்தது உங்கள் கோப்பிற்கு நேராமற் காக்கும்.